பொது இடத்து இயந்திரங்களுக்குள் ஓடும் செதுக்கிய இயங்குதளங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏடிஎம், டிக்கெட் இயந்திரம், விமான நிலைய அறிவிப்புத் திரை, பில் போடும் கருவி, ரவுட்டர் என்று எதை எடுத்தாலும் உள்ளே ஒரு கணினி இருக்கிறது. அதில் ஓர் இயங்குதளம் ஓடுகிறது. பக்கத்தில் ஆள் இல்லாமல் பல ஆண்டுகள் ஓட வேண்டிய இந்த இயந்திரங்களை அமைப்பவர்களும் பராமரிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மேசைக் கணினியில் ஓடும் விண்டோஸ், லினக்ஸிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

பல இயந்திரங்களில் அடித்தளம் ஒன்றேதான். அதே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), அதே டிரைவர்கள் (வன்பொருளை இயக்கும் நிரல்கள்). மேலே ஏற்றி வைத்திருப்பவைதான் குறைவு. மேசைக் கணினியில் உட்காருபவர் என்ன செய்யப் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பிரின்டர், விளையாட்டு, வீடியோ என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்து அனுப்புகிறார்கள். டிக்கெட் இயந்திரத்துக்கு ஒரே வேலைதான். அந்த வேலைக்குத் தேவையில்லாததை எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைக்கிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் இதை இரண்டு வழிகளில் செய்தது. 1996இல் வந்த விண்டோஸ் சிஇ, சிறு கருவிகளுக்காகவே தனியாக எழுதிய இயங்குதளம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட், வழக்கமான எக்ஸ்பியையே ஆயிரக்கணக்கான துண்டுகளாகப் பிரித்து, வேண்டியதை மட்டும் பொறுக்கிச் சேர்க்கவிட்டது. லினக்ஸ் பக்கம் பிஸிபாக்ஸ் முக்கியமானது. டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தின் நிறுவல் வட்டை ஒரே ஃபிளாப்பிக்குள் அடக்குவதற்காக 1995இல் புரூஸ் பெரன்ஸ் எழுதியது. கோப்பை நகலெடுப்பது, பட்டியலிடுவது, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்று நூற்றுக்கணக்கான கட்டளைகள் ஒரே நிரலுக்குள் அடங்கிவிடுகின்றன. இன்றைக்கும் எத்தனையோ ரவுட்டர்களுக்குள் அதுதான் ஓடுகிறது.

இடம் மிச்சம் பிடிக்கத்தானே இத்தனை பாடு? இப்போதுதான் மெமரி மலிவாகிவிட்டதே?

இடம் ஒரு காலத்தில் முதல் காரணமாக இருந்தது. இப்போது இல்லை. உள்ளே இல்லாத ஒன்று பழுதாகாது, அதை யாரும் தாக்க முடியாது, அதற்கு பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட வேண்டியதும் இல்லை என்பதுதான் இன்றைய காரணம்.

2021 ஜூலையில் பிரின்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் விண்டோஸின் பிரின்ட் ஸ்பூலர் சேவையில் ‘பிரின்ட்நைட்மேர்’ என்ற பெரிய ஓட்டை வெளியே வந்தது. பிரின்டரையே பார்த்திராத அறிவிப்புத் திரைகளில்கூட அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்தால், அவற்றுக்கும் அவசரமாக பேட்ச் போட்டாக வேண்டும். ஸ்பூலரை முதலிலேயே எடுத்தவர்களுக்கு அன்றைக்கு வேலையே இல்லை.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்தவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் கடுமையான ஓட்டை தெரியவந்தபோது, பலருக்குச் சரிசெய்வதைவிட அது தங்கள் இயந்திரத்தில் இருக்கிறதா என்று தேடுவதே பெரும்பாடாக இருந்தது. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, யார் எழுதியது என்ற பட்டியல் கையில் இல்லை என்றால் செதுக்கியதில் பாதிப் பயன் போய்விட்டது என்பேன்.

அதிகமாகச் செதுக்கிவிட முடியுமா?

தாராளமாக முடியும். நேர மண்டலத் தரவை எடுத்துவிடுவார்கள். ரசீதில் நேரம் தப்பாக வரும். எழுத்துருக்களை எடுத்துவிடுவார்கள், வேறு மொழியில் ஒரு பெயர் வந்தால் வெறும் கட்டங்கள் தெரியும். நம்பகச் சான்றிதழ்களை எடுத்துவிட்டால் சர்வரோடு பேசவே முடியாது. இவை எல்லாம் சோதனையில் பிடிபட்டுவிடும். பிடிபடாமல் போவது வேறு ஒன்று: பழுது பார்க்கும் கருவிகளை எடுத்துவிடுவது. களத்தில் நூறு இயந்திரங்களில் ஒன்று மட்டும் வாரம் ஒரு முறை உறைகிறது, ஏன் என்று பார்க்க உள்ளே எதுவுமே இல்லை என்ற நிலை மிகக் கொடுமையானது. லாக் (உள்ளே நடந்தவற்றின் பதிவு) சேகரித்து வெளியே அனுப்பும் ஏற்பாட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள்.

எதை வைத்துக் கட்டுவது?

டெபியன் போன்ற முழு விநியோகத்தை எடுத்துக் கழித்துக்கொண்டே வரலாம். காலியிலிருந்து தொடங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம். நான் இரண்டாவதன் பக்கம். கழிப்பவருக்கு எப்போதும் ஏதாவது ஒன்று கண்ணில் படாமல் போகும். இப்படிச் சேர்த்துக் கட்டும் கருவிகளில் பில்ட்ரூட் கற்க எளிது, ஒரே பலகை (சர்க்யூட் போர்டு), ஒரே வேலை என்றால் அது போதும். பல வகைப் பலகைகள், பல ஆண்டுப் பராமரிப்பு என்றால் 2010இல் தொடங்கிய யாக்டோ திட்டம். கற்கச் சிரமம்தான், ஆனால் உழைப்பு வீண் போகாது.

விண்டோஸை விட முடியாத இடமும் உண்டு. ஏடிஎம்மில் பணம் எண்ணும் பாகம், அட்டை படிக்கும் பாகம் எல்லாம் எக்ஸ்எஃப்எஸ் என்ற பொது இடைமுகத்தின் வழியாகப் பேசுகின்றன. அது விண்டோஸை ஒட்டியே வளர்ந்தது. பாகம் செய்பவர் டிரைவரை விண்டோஸுக்கு மட்டும் கொடுத்தால், இயங்குதளத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவர் தேர்ந்தெடுத்துவிட்டார்.

ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்) எப்போது வேண்டும்?

ஒரு வேலை குறிப்பிட்ட மில்லிசெகண்டுக்குள் முடிந்தே ஆக வேண்டும், தாமதமானால் ஆபத்து என்றால் வேண்டும். மோட்டார், பிரேக், மருத்துவக் கருவி போன்றவை. ஃப்ரீஆர்டிஓஎஸ், ஜெஃபைர், விஎக்ஸ்வொர்க்ஸ், க்யூஎன்எக்ஸ் இந்த வகை. சாதாரண லினக்ஸிலும் 2024இல் வந்த 6.12 கெர்னலிலிருந்து நிகழ்நேர வசதி முதன்மை மூலநிரலிலேயே சேர்ந்துவிட்டது. திரையும் பட்டனும் உள்ள கியாஸ்க்குக்கு இது தேவையில்லை.

மின்சாரம் பட்டென்று போனால் கோப்புகள் கெட்டுப்போகின்றன. என்ன செய்வது?

பொது இட இயந்திரத்தை யாரும் முறையாக ஷட்டவுன் செய்வதில்லை. சுவிட்சை அணைப்பார்கள், பிளக்கைப் பிடுங்குவார்கள். எப்போது மின்சாரம் போனாலும் திரும்ப வந்ததும் அதே நிலையில் எழ வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஒரே நம்பகமான வழி, இயங்குதளம் இருக்கும் பகுதியில் எழுதவே விடாமல் இருப்பது. லினக்ஸில் ஸ்குவாஷ்எஃப்எஸ் போன்ற படிக்க மட்டுமேயான கோப்பு அமைப்பை அடியில் வைத்து, மேலே ஓவர்லேஎஃப்எஸ் போடலாம். 2014இல் 3.18 கெர்னலில் அது சேர்ந்தது. செயலிகள் எழுதுவதாக நினைப்பதெல்லாம் ரேமில் போய் உட்காரும். ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போகும். விண்டோஸில் இதே வேலையை யூனிஃபைடு ரைட் ஃபில்டர் செய்கிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புப் பட்டியலிலேயே ஓவர்லே வசதி இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, ரேமில் ஒதுக்கிய இடம் நிரம்பும். விண்டோஸ் ஃபில்டரில் இயல்பு அளவு 1024 எம்பி. லாக்கோ பிரவுசர் கேஷோ அதை மெல்ல மெல்ல நிரப்பிவிட்டால் இயந்திரம் தடுமாறத் தொடங்கும், காரணம் திரையில் தெரியாது. எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கண்காணித்து, ஆள் வராத நேரத்தில் ரீஸ்டார்ட் செய்ய ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, உண்மையாகவே சேமிக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கும்: விற்பனைக் கணக்கு, வரிசை எண், அமைப்புகள். அதற்குத் தனிப் பகுதி ஒதுக்குங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் கொடுத்து வட்டில் இறங்கியதை உறுதிசெய்து, அப்புறம் பெயரை மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனால் பழையதோ புதியதோ ஒன்று முழுதாக இருக்கும். ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) உள்ள கோப்பு அமைப்பு இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு: ஜர்னல் பெரும்பாலும் கோப்பு அமைப்பின் கட்டுக்கோப்பைத்தான் காக்கிறது, உங்கள் தரவை அல்ல.

எஸ்டி கார்டு, ஃபிளாஷ் எல்லாம் சீக்கிரம் செத்துப்போவது ஏன்?

எழுதி எழுதித் தேய்வதால். ஃபிளாஷின் ஒவ்வொரு கட்டத்தையும் குறிப்பிட்ட தடவைதான் அழித்து எழுத முடியும். மலிவான வகைகளுக்கு அது சில ஆயிரம் தடவைதான். பெரும்பாலும் குற்றவாளி லாக்தான். இதற்கு டெஸ்லா கார்களைவிடத் தெளிவான சான்று இல்லை. பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக் கணினியில் 8 ஜிபி ஃபிளாஷ் இருந்தது. தொடர்ந்து எழுதியதில் அது தேய்ந்து, பின்பக்கக் கேமரா உட்படத் திரையே வேலை செய்யாமல் போனது. 2021இல் அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. லாக்கை ரேமில் வைத்து, நெட்வொர்க் வழியாக வெளியே அனுப்புங்கள். ஒரு நாளைக்கு எத்தனை எம்பி எழுதப்படுகிறது என்று முதல் வாரமே அளந்து பாருங்கள்.

கியாஸ்க்கில் யாரோ டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டார்கள். எப்படித் தடுப்பது?

முழுத்திரையில் பிரவுசரை ஓட்டினால் பூட்டியாயிற்று என்று நினைப்பதுதான் இதன் வேர். திரைக்குப் பின்னால் டெஸ்க்டாப் உயிரோடு இருந்தால் அதற்குப் போக வழி கண்டுபிடித்துவிடுவார்கள். விண்டோஸில் ஷிஃப்ட் பட்டனை ஐந்து தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் பெட்டி வரும். அதிலிருந்து அமைப்புகளுக்குப் போகலாம். தொடுதிரையில் ஓரத்திலிருந்து இழுத்தாலோ, நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தாலோ மெனு வரும். பிரின்ட் பெட்டி, கோப்பு சேமிக்கும் பெட்டி ஆகியவை உள்ளுக்குள் கோப்பு மேலாளரே. பிடிஎஃப்பில் இருக்கும் ஓர் இணைப்பு, வரைபடத்தின் மூலையில் இருக்கும் சின்ன லோகோ, பக்கத்தின் அடியில் இருக்கும் விதிமுறைகள் இணைப்பு இவை எல்லாம் வெளியே போகும் வாசல்கள். செயலி நொறுங்கினால் பின்னால் என்ன தெரிகிறது என்பதையும் பாருங்கள்.

அதனால் டெஸ்க்டாப்பை மறைக்காதீர்கள், இல்லாமலே செய்யுங்கள். விண்டோஸில் ஷெல் லாஞ்சர் எக்ஸ்ப்ளோரருக்குப் பதிலாக உங்கள் செயலியையே ஷெல்லாக ஏற்றுகிறது; கீபோர்டு ஃபில்டர் ஆபத்தான பட்டன் சேர்க்கைகளை விழுங்கிவிடுகிறது. லினக்ஸில் கேஜ் என்ற வேலண்ட் காம்போசிட்டர் (செயலிகளைத் திரையில் காட்டும் நிரல்) ஒரே ஒரு செயலியை முழுத்திரையில் காட்டும், வேறெதுவும் செய்யத் தெரியாது. செயலி செத்தால் மறுபடி எழுப்ப வேண்டும், அவ்வளவுதான். அந்தச் செயலி குறைந்த உரிமையுள்ள பயனராக ஓட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிர்வாகி கணக்கில் ஓடும் கியாஸ்க்குகளை இன்னமும் பார்க்கிறேன்.

யுஎஸ்பி துளை வெளியே தெரியாமல் இருக்கட்டும். மென்பொருளில் அடைத்தாலும், பெட்டியின் பூட்டு எந்த இயந்திரத்துக்கும் பொதுவான சாவியில் திறக்கிறதா என்று பாருங்கள். 2010இல் லாஸ் வேகாஸில் நடந்த பிளாக் ஹாட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் பார்னபி ஜாக் என்ற ஆய்வாளர் இரண்டு ஏடிஎம்களை மேடையில் பணம் கொட்ட வைத்தார். ஒன்றை நெட்வொர்க் வழியாகத் தொலைவிலிருந்து. இன்னொன்றைப் பெட்டியைத் திறந்து யுஎஸ்பி செருகி.

எங்கள் இயந்திரங்கள் தனி நெட்வொர்க்கில் இருக்கின்றன. அப்டேட் அவசியமா?

அவசியம். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது ஜெர்மனி ரயில் நிலையங்களின் அறிவிப்புத் திரைகளில் ரயில் நேரத்தின் மேல் பணம் கேட்கும் செய்தி வந்தது. அந்த ஓட்டைக்கான பேட்ச், ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மார்ச்சிலேயே வந்துவிட்டது. தனி நெட்வொர்க் என்று நாம் நினைப்பதில் எங்கோ ஒரு பராமரிப்பு லேப்டாப், எங்கோ ஒரு தவறான கேபிள் இருக்கும். அது இருக்கும் என்று எண்ணியே வடிவமைக்க வேண்டும்.

ஊரறிந்த கடவுச்சொல்லும் கூடாது. 2016இல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் ஆலையில் வைத்த கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக முயன்று பார்த்தே ஒரு பெரும் படையைத் திரட்டியது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் இப்படிப் பொதுவான இயல்புக் கடவுச்சொல்லோடு நுகர்வோர் கருவிகளை விற்பதைச் சட்டம் தடை செய்கிறது.

அப்டேட் நடுவில் இயந்திரம் செத்துப்போனால்?

இரண்டு பகுதிகள் வையுங்கள். ஒன்றில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது புதியதை மற்றதில் முழுதாக எழுதி, கையொப்பம் சரிபார்த்து, அப்புறம்தான் அடுத்த முறை அதிலிருந்து எழும்படி திருப்ப வேண்டும். புதியது எழுந்து, செயலி ஓடி, சர்வரோடு பேசிய பிறகே ‘சரி’ என்று குறிக்க வேண்டும். குறிக்காமல் சில தடவை பூட் ஆனால், இயங்குதளத்தை எழுப்பும் நிரலான பூட்லோடர் தானாகப் பழையதற்குத் திரும்பிவிடும். ஆண்ட்ராய்டு 2016இல் 7.0 பதிப்பிலிருந்து இந்த முறையை வைத்திருக்கிறது.

எல்லா இயந்திரத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பழுதான அப்டேட் ஒரே வீச்சில் வெளியானது. மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் விழுந்தன. விமான நிலையத் திரைகள் நீலமாயின. விழுந்தவை பூட் ஆகவே முடியாததால், பல இடங்களில் ஆள் நேரில் போய் ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. மேசைக் கணினி என்றால் அந்த மேசையில் ஒருவர் இருப்பார். கூரைக்கடியில் தொங்கும் திரைக்கு ஏணியோடு போக வேண்டும். நீங்கள் செதுக்கிய இயங்குதளத்துக்குள் வெளியார் ஒருவரின் மென்பொருள் தன்னிஷ்டத்துக்கு அப்டேட் ஆகிறது என்றால், அதன் பொறுப்பும் உங்களுடையதே.

வாட்ச்டாக் என்றால் என்ன?

குறிப்பிட்ட நேரத்துக்குள் ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று மென்பொருள் சொல்லாவிட்டால் இயந்திரத்தை ரீசெட் செய்யும் தனி வன்பொருள் டைமர். அதற்குப் பதில் சொல்வது உண்மையான செயலியாக இருக்க வேண்டும். பின்னணியில் ஓடும் ஒரு சின்ன நிரல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தால், திரை உறைந்து கிடந்தாலும் வாட்ச்டாக்குக்குத் தெரியாது.

அடிக்கடி ரீசெட் ஆனால் ஏன் என்று தேட வேண்டும். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் விஎக்ஸ்வொர்க்ஸில் ஓடியது. இறங்கிய சில நாட்களில் தானாக ரீசெட் ஆகத் தொடங்கியது. குறைந்த முன்னுரிமையுள்ள வானிலைப் பணி ஒரு பூட்டைப் (பொது வளத்தை ஒரு நேரத்தில் ஒரு பணிக்கு மட்டும் தரும் ஏற்பாடு) பிடித்திருக்க, நடுத்தரப் பணி குறுக்கே புகுந்து ஓட, மேல் முன்னுரிமைப் பணி அந்தப் பூட்டுக்காகக் காத்தே நேரம் கடந்தது. வாட்ச்டாக் கலத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. பொறியாளர்கள் பூமியில் இருந்த நகல் கலத்தில் அதே பிழையை வரவழைத்து, பூட்டின் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி அனுப்பிச் சரிசெய்தார்கள். அதைச் செய்ய முடிந்தது பிழைதேடும் வசதிகளைக் கலத்திலிருந்து எடுக்காமல் விட்டதால்தான்.

மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடினால் பிரச்சினையா?

வரும். நூறில் ஒரு பங்கு செகண்டைக் குறியுள்ள (எதிர்ம எண்ணையும் ஏற்கும்) 32 பிட் எண்ணில் எண்ணினால் சுமார் 248 நாளில் நிரம்பிவிடும். போயிங் 787இன் மின் உற்பத்திக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இதே 248 நாள் கணக்கில் ஒரு பழுது இருந்தது. 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், அந்த நாள் எட்டும் முன் மின்சாரத்தை அணைத்துப் போட உத்தரவிட்டது. சோதனைக் கூடத்தில் யாரும் 248 நாள் ஓட்டிப் பார்ப்பதில்லை. டைமரின் தொடக்க எண்ணை முன்னே தள்ளிவைத்துச் சோதிக்கலாம்.

இன்னொரு தேதி 2038 ஜனவரி 19. செகண்டுகளைக் குறியுள்ள 32 பிட்டில் வைத்திருக்கும் யூனிக்ஸ் கடிகாரங்கள் அன்று நிரம்பும். 32 பிட் லினக்ஸில் 2020இல் வந்த 5.6 கெர்னலிலிருந்து மாற்று இருக்கிறது. ஆனால் நூலகங்களும் செயலிகளும் மறுபடி கட்டப்பட வேண்டும். இன்று 15 ஆண்டு ஆயுளோடு நிறுவும் இயந்திரம் அந்தத் தேதியைப் பார்க்கும்.

எத்தனை ஆண்டுக்கு ஆதரவு கிடைக்கும்? ஏடிஎம்களில் பழைய விண்டோஸ் இருப்பது ஏன்?

இயந்திரம் ஆதரவைவிட நீண்ட நாள் வாழ்வதால். ஒரு காலத்தில் பல ஏடிஎம்களில் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 ஓடியது. அதன் வழக்கமான ஆதரவு 2006 இறுதியில் நின்றது. அப்புறம் எக்ஸ்பி. அதன் பொது ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நின்றது. ஆனால் பில் கருவிகளுக்கான எக்ஸ்பி வகையான பிஓஎஸ்ரெடி 2009க்கு 2019 ஏப்ரல் வரை பேட்ச் வந்தது. விண்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து, சாதாரண எக்ஸ்பியை அந்த வகை என்று நம்பவைத்து பேட்ச் வாங்கியவர்களும் இருந்தார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது.

வாங்கும்போதே பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் 10 எண்டர்பிரைஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்சி 2021க்கு 5 ஆண்டு ஆதரவு. தனிப்பயன் கருவிகளுக்கான அதன் ஐஓடி வகைக்கு 10 ஆண்டு, 2032 ஜனவரி வரை. லினக்ஸில் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் திட்டம் சில கெர்னல்களைப் பத்தாண்டு அளவில் பராமரிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கிய விதிகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலாகும்போது, ஆயுள் குறைந்த பொருட்களைத் தவிர மற்றவற்றுக்குக் குறைந்தது 5 ஆண்டு பாதுகாப்பு ஆதரவு தர வேண்டியிருக்கும். தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியது விலை மட்டுமல்ல, கடைசி பேட்ச் தேதியும்தான். எழுத்தில் வாங்குங்கள்.

பழைய இயந்திரத்தைக் கழிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உள்ளே வைஃபை கடவுச்சொல், சர்வருக்கான சான்றிதழ், சில நேரம் வாடிக்கையாளர் தரவும் இருக்கும். ஃபிளாஷில் கோப்பை அழித்தாலோ மேலே எழுதினாலோ போய்விட்டது என்று நம்ப முடியாது. தேய்மானத்தைப் பரப்புவதற்காக அது எழுதும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். பழைய நகல் எங்காவது தங்கியிருக்கலாம். தரவுப் பகுதியை முதல் நாளிலிருந்தே குறியாக்கம் செய்து, சாவியை டிபிஎம் போன்ற தனிச் சில்லில் வைத்திருந்தால், கழிக்கும் அன்று அந்தச் சாவியை அழித்தால் போதும். அப்படிச் செய்யாத இயந்திரம் என்றால் ஃபிளாஷை உடைத்துவிடுங்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிச் சான்றிதழ் கொடுத்திருந்தால், சர்வரில் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யவும் மறக்காதீர்கள்.